ராசியாகப் போவதென்று முடிவு செய்தபின்: சட்டக் கேள்வி பதில்

வழக்கு நடத்துவது பற்றிய சந்தேகங்களே அதிகம் வரும் இந்தப் பகுதிக்கு, இம்முறை வழக்கை முடித்துக்கொள்வது பற்றி நிறையக் கடிதங்கள். சிவில் வழக்கில் வாதியும் பிரதிவாதியும் பேசி முடித்துக்கொள்வதைச் சட்டம் எந்தக் கட்டத்திலும் தடுப்பதில்லை, மேல்முறையீட்டில்கூட முடித்துக்கொள்ளலாம். ஆனால் பேச்சு முடிந்த அன்றே வழக்கும் முடிந்ததாக நினைத்து வாய்தாவுக்குப் போகாமல் நின்றுவிட்ட பலர், இரண்டு வருடம் கழித்து மறுபடி நீதிமன்றப் படி ஏறியிருக்கிறார்கள். வந்திருக்கும் கடிதங்களில் பாதி அப்படிப்பட்டவர்களுடையவை.

அப்பா விட்டுப்போன 4 ஏக்கர் 20 சென்ட் தோட்டத்தில் பங்கு கேட்டு என் தங்கை சார்பு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு ஏழு வருடமாகிறது. இப்போது ஆளுக்கு 1 ஏக்கர் 40 சென்ட் என்று பேசி முடித்துவிட்டோம். தங்கை துபாயில் இருக்கிறாள். தம்பி இறந்துவிட்டான், அவன் மனைவியும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பையன்களும் வழக்கில் பிரதிவாதிகள். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. இது போதுமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

போதாது. ஆனால் அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். யார் எதற்கு ஒப்புக்கொண்டார் என்பதற்கு அது சாட்சி.

வழக்கை முடிக்கும் வழி, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 23, விதி 3. சமரசம் எழுத்தில் இருக்க வேண்டும், தரப்பினர் கையெழுத்திட்டிருக்க வேண்டும், சட்டத்துக்குப் புறம்பானதாக இருக்கக்கூடாது. நீதிபதி அதில் திருப்தியடைந்து பதிவு செய்து தீர்ப்பாணை (யாருக்கு என்ன என்று தீர்ப்பின்படி சொல்லும் நீதிமன்ற ஆணை) போட வேண்டும். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் பின்னால் யாராவது அதைப் பிடித்துக்கொள்வார்கள். வழக்கறிஞர் கட்சிக்காரருக்காகக் கையெழுத்திடுவதை உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது என்றாலும், பாகப்பிரிவினை வழக்கில் அதை நம்பி இருக்க வேண்டாம். ஒவ்வொரு பங்காளியும் சமரச மனுவின் எல்லாப் பக்கங்களிலும் கையெழுத்திடட்டும், வழக்கறிஞர்களும் இடட்டும். பங்குரிமை உள்ள ஒருவரை விட்டுவிட்டு மற்றவர்கள் செய்துகொண்ட சமரசம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் ஒரு பாகப்பிரிவினை வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆஜராகாததால் ஒருதலைப்பட்சமாக வைக்கப்பட்ட பிரதிவாதி யாராவது உங்கள் வழக்கில் இருந்தால் அவரையும் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். வராதவர்தானே என்று விடுவதில்தான் பல சமரசங்கள் உடைகின்றன.

தங்கை நேரில் வர முடிந்தால் ஒரு வாய்தாவுக்கு வந்து போவது உத்தமம். முடியாவிட்டால் பவர் (அவருக்காக இன்னொருவர் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) தேவை. அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டு, பத்திரம் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை செலுத்திச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பவரில் ‘வழக்கை நடத்த’ என்று மட்டும் இருந்தால் உதவாது. ‘மேற்படி அசல் வழக்கில் சமரசம் செய்துகொள்ளவும், சமரச மனுவில் கையெழுத்திடவும், நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ளவும்’ என்று வழக்கு எண்ணோடு எழுதியிருக்க வேண்டும். தங்கையின் கணவர் பெயரில் பழைய பொதுப் பவர் இருக்கிறதே என்று அதையே நீட்டாதீர்கள். வாசகத்தைப் படித்துப் பாருங்கள்.

பையன்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அவர்களுக்காக அம்மா கையெழுத்திட்டால் மட்டும் போதாது. கட்டளை 32, விதி 7-ன்படி மைனர் சார்பில் சமரசம் செய்ய நீதிமன்ற அனுமதி வேண்டும், அந்த அனுமதி உத்தரவில் வெளிப்படையாகப் பதிவாகவும் வேண்டும். காப்பாளர் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். இந்தச் சமரசம் மைனர்களின் நன்மைக்கு உகந்தது என்று அவர்களுடைய வழக்கறிஞர் சான்று தர வேண்டும். நீதிபதி வெறுமனே தலையாட்டிவிடமாட்டார்: பையன்களுக்கு ஒதுக்கிய துண்டில் கிணறு இருக்கிறதா, பாதை இருக்கிறதா, தரிசைத் தள்ளிவிட்டீர்களா என்று கேட்பார், கேட்கத்தான் வேண்டும். நிலத்துக்குப் பதிலாகப் பணம் கொடுப்பதாக இருந்தால், பெரும்பாலும் அவர்கள் மேஜராகும்வரை தேசிய வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட உத்தரவாகும். அனுமதி வாங்காமல் செய்த சமரசம் உங்களையும் தங்கையையும் கட்டும், பையன்களைக் கட்டாது. பதினெட்டு வயதானபின் அவர்கள் வேண்டாமென்று சொன்னால் ஏழு வருடமும் வீண்.

இனி மனுவின் உடம்பு. ‘ஏ தபசில் வாதிக்கு, பி தபசில் முதல் பிரதிவாதிக்கு’ என்று பிரித்து, ஒவ்வொரு தபசிலிலும் (சொத்து விவரப் பட்டியல்) கிராமம், புல எண், உட்பிரிவு, விஸ்தீரணம், நான்கு எல்லை, அளவு எல்லாம் வர வேண்டும். ‘கீழ்புறம் 1 ஏக்கர் 40 சென்ட்’ என்று மட்டும் எழுதிய தீர்ப்பாணையை வைத்துக்கொண்டு சர்வேயர் கல் நட முடியாது. 1 ஏக்கர் 40 சென்ட் என்பது 60,984 சதுர அடி. நிலம் நேர்செவ்வகமாக இருந்தால் ‘கிழமேல் அடி 242, தென்வடல் அடி 252’ என்று எழுதிவிடலாம். கோணலாக இருந்தால் நான்கு பக்கமும் தனித்தனி அளவு. முன்கூட்டியே அளந்து, வரைபடம் போட்டு, அதிலும் எல்லோரும் கையெழுத்திட்டு மனுவோடு இணைத்துவிடுங்கள்.

அளந்தவுடன் பாதைப் பிரச்சினை கண்ணில் படும். மூன்று துண்டும் கிழமேலாக அடுத்தடுத்து இருந்து, ரோடு மேற்கே இருந்தால், கிழக்குத் துண்டுக்காரர் மற்ற இரண்டு துண்டையும் தாண்டித்தான் போக வேண்டும். 16 அடி அகல வண்டித்தடம், 484 அடி நீளம்: 7,744 சதுர அடி, அதாவது 17¾ சென்டுக்குச் சற்றே அதிகம். இந்த நிலம் யார் பங்கில் கழிகிறது? மூவரிடமும் சமமாகவா, பாதையை விடும் இருவரிடம் மட்டுமா? ஆளுக்கு 1.40 என்று பேசியபோது இதை யாரும் நினைத்திருக்கமாட்டீர்கள். மனுவில் எழுதாவிட்டால் முதல் மழையில் வண்டி சேற்றில் இறங்கும் அன்று சண்டை வரும்.

கிணறும் அப்படித்தான். யார் துண்டில் விழுகிறது, மற்றவர்களுக்கு வாரத்தில் எந்தெந்த நாள் எத்தனை மணி முறை, மோட்டார் பழுதுச் செலவு யார், தூர் வாரினால் செலவுப் பங்கு எவ்வளவு, அப்பா பெயரில் இருக்கும் இலவச மின் இணைப்பு யார் பெயருக்கு மாறும், மற்றவர்கள் அதற்கு ஆட்சேபணை இல்லை என்று மின்வாரியத்துக்கு எத்தனை நாளில் எழுதித் தருவார்கள். இதையெல்லாம் மனுவிலேயே வரி வரியாக எழுதுங்கள். மனு பத்துப் பக்கம் வந்தாலும் கவலையில்லை.

பதிவாகும் நாளில் அனைவரும் ஆதார் அட்டையோடு ஆஜராக வேண்டும். நீதிபதி ஒவ்வொருவரையும் அழைத்துப் படித்துப் பார்த்தீர்களா, சம்மதமா, யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்பார். வாயைத் திறந்து பதில் சொல்லுங்கள். தயக்கம் தெரிந்தால் அன்று பதிவாகாது.

பாகப்பிரிவினைத் தீர்ப்பாணைக்கு ஒரு கூடுதல் செலவு உண்டு. இறுதித் தீர்ப்பாணை முத்திரைச் சட்டப்படி பாகப்பிரிவினைப் பத்திரமாகவே கருதப்படுவதால், அது முத்திரைத் தாளில் எழுதப்பட வேண்டும். தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்குள் நடக்கும் பாகப்பிரிவினைக்குத் தீர்வை 1 சதவீதம். 2023 ஜூலை முதல் ஒரு பங்குக்கு உச்சவரம்பு 40,000 ரூபாய். இறந்த தம்பியின் மனைவி, பிள்ளைகள் அந்தச் சலுகைக்குள் வருகிறார்களா என்பதை சார்பதிவாளர் அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முத்திரைத் தாளை ஒப்படைக்காமல் வருடக்கணக்காகக் கிடக்கும் தீர்ப்பாணைகள் ஏராளம். அந்த நிலையில் தீர்ப்பு வந்திருக்கும். ஆனால் பட்டா மாற்றவோ நிறைவேற்று மனு (தீர்ப்பாணையை நடைமுறைப்படுத்தக் கேட்கும் மனு) போடவோ கையில் தகுந்த ஆவணம் இருக்காது.

ஆறு லட்ச ரூபாய் புரோநோட்டு வழக்கு. நான் வாதி. நாலரை லட்சம் தருகிறேன், வழக்கை எடுத்துக்கொள் என்றார் பிரதிவாதி. ‘வெளியே பேசி முடித்துக்கொண்டோம், வழக்கை வலியுறுத்தவில்லை’ என்று மெமோ போட்டோம். வழக்கு தள்ளுபடியானது. இரண்டு லட்சம் வங்கி மூலம் வந்தது, அதோடு சரி. ஒரு வருடமாகப் போன் எடுப்பதில்லை. பழைய வழக்கை எழுப்ப முடியுமா?
– வாசகர், விருதுநகர்

உங்கள் கையில் தீர்ப்பாணை இல்லை, அதுதான் சிக்கல். ‘வலியுறுத்தவில்லை’ என்று தள்ளுபடியான வழக்கில் நிறைவேற்று மனு போட எதுவுமில்லை. புது வழக்குப் போடும் உரிமையை நீதிமன்ற அனுமதியோடு தக்கவைத்துக்கொண்டு வழக்கைத் திரும்பப் பெற்றிருந்தால் மறுபடி வரலாம். அனுமதி கேட்காமல் விட்டுவிட்டால் அதே புரோநோட்டை வைத்து இன்னொரு வழக்குப் போட கட்டளை 23, விதி 1 தடையாக நிற்கும்.

ஆனாலும் வழியில்லை என்று நினைக்காதீர்கள். நாலரை லட்சம் தருவதாக அவர் எழுதித் தந்திருந்தால், அந்த ஒப்பந்தமே ஒரு புதிய வழக்குக்குக் காரணம். அவர் தவறிய நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் மீதி இரண்டரை லட்சம் கேட்டு வழக்குப் போடலாம். எழுத்தில் ஒன்றுமில்லாவிட்டால், மெமோவின் சான்றிட்ட நகல், இரண்டு லட்சம் வந்த வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றைக் கொண்டு பேசியதை நிரூபிக்க வேண்டியிருக்கும். மெமோவில் தொகை எழுதப்பட்டிருக்கிறதா என்று இன்றே நகல் மனு போட்டுப் பாருங்கள். தேதி போட்ட செக் ஏதாவது கையில் இருந்து அதன் மூன்று மாதக் கெடு முடியவில்லையென்றால் வங்கியில் போடுங்கள். திரும்பினால், தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அவர் நோட்டீஸ் பெற்று 15 நாளில் பணம் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார்.

இனி யாராவது இதே நிலையில் இருந்தால்: பணம் முழுவதும் கைக்கு வருமுன் ‘வலியுறுத்தவில்லை’ மெமோவில் கையெழுத்திடாதீர்கள். தவணையில் வருகிறதென்றால் சமரசத் தீர்ப்பாணையே வாங்குங்கள். அதையும் எழுதும் விதத்தில் எழுத வேண்டும். நாலரை லட்சத்துக்குத் தீர்ப்பாணை வாங்கி, தவறினால் ஆறு லட்சம் என்று எழுதினால், அது தண்டத் தொகை என்று எதிர்தரப்பு ஆட்சேபிக்க இடமுண்டு. மாறாக, ‘பிரதிவாதி வாதிக்கு ரூ.6,00,000 கடன்பட்டிருப்பதை ஒப்புக்கொள்கிறார், ரூ.4,50,000-ஐக் கீழ்க்கண்ட மூன்று தவணைகளில் குறித்த தேதிகளுக்குள் வாதியின் வங்கிக் கணக்கில் செலுத்தினால் மீதியை வாதி விட்டுக்கொடுக்கிறார்; எந்தத் தவணை தவறினாலும் இந்தச் சலுகை நீங்கி, செலுத்தியது போக மீதி முழுவதையும் வட்டியுடன் ஒரே தடவையில் வசூலிக்கலாம்’ என்று எழுதினால் அது முழுக் கடனில் தரப்பட்ட சலுகை. ஒரே ஆறு லட்சம்தான். முதலில் எதை எழுதுகிறோம் என்பதில் பலன் மாறுகிறது. வட்டி எத்தனை சதவீதம், கணக்கு எண் என்ன, எந்தத் தேதி என்பதை எண்ணால் எழுதுங்கள். ‘கூடிய விரைவில்’ என்ற சொல் அந்த மனுவில் எங்கும் வரக்கூடாது.

பேசி முடித்தால் கட்டிய கோர்ட் பீஸ் திரும்பக் கிடைக்குமா? மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால்தான் கிடைக்கும் என்கிறார்கள்.
– வாசகி, தஞ்சாவூர்

கிடைக்கும். மக்கள் நீதிமன்றம், சமரச மையம் வழியாக மட்டுமின்றி, தரப்பினர் தாங்களாகவே வெளியே பேசி முடித்துக்கொண்டாலும் கிடைக்கும். தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69-ஏ பிரிவை இப்படித்தான் படிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் உறுதி செய்தது. தமிழ்நாட்டில் 2017 முதல் பண வழக்குக்கு மதிப்பில் 3 சதவீதம் கட்டணம். பத்து லட்சம் வழக்கென்றால் 30,000 ரூபாய், விட்டுவிடும் தொகையல்ல. சமரச மனுவிலேயே திரும்பத் தரும் உத்தரவையும் கேளுங்கள். உத்தரவில் அந்த வரி இருக்கிறதா என்று நகல் வந்ததும் பாருங்கள், விட்டுப்போயிருந்தால் உடனே மனு போடுங்கள்.

மக்கள் நீதிமன்றம், சமரச மையம் இரண்டும் ஒன்றா? எங்கள் சம்பந்தி வீட்டாரோடு ஒரு பொதுச்சுவர், கழிவுநீர்க் குழாய்த் தகராறு. எதற்குப் போவது?
– வாசகர், நாகர்கோவில்

ஒன்றல்ல. சமரச மையத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் இரு தரப்பையும் சேர்த்தும் தனித்தனியாகவும் உட்கார வைத்துப் பேசுவார். தனியாகச் சொன்னதை எதிர்தரப்பிடம் சொல்லமாட்டார், நீதிபதியிடமும் சொல்லமாட்டார். பல அமர்வுகள் நடக்கும். முடிவானதை எழுதிக் கையெழுத்திட்டு வழக்கு நடக்கும் நீதிமன்றத்துக்கு அனுப்ப, அங்கே தீர்ப்பாணையாகும். நாட்டிலேயே நீதிமன்றத்தோடு இணைந்த முதல் சமரச மையம் 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் தொடங்கியது. இப்போது மாவட்டங்களிலும் உண்டு.

மக்கள் நீதிமன்றம் பேரத்தை முடித்துவைக்கும் இடம். வாகன விபத்து, வங்கிக் கடன் போலத் தொகை மட்டுமே தகராறாக இருக்கும் வழக்குகள் ஒரே நாளில் முடிகின்றன. அங்கே போடப்படும் உத்தரவு 1987-ம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 21-வது பிரிவின்படி சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது. தரப்பினர் சம்மதிக்காமல் மக்கள் நீதிமன்றம் தானாக எதையும் தீர்ப்பளிக்க முடியாது. ஒத்துவரவில்லையென்றால் வழக்குக் கட்டு பழையபடி நீதிமன்றத்துக்கே திரும்பும். ஆனால் மின்சாரம், தொலைபேசி, போக்குவரத்து போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கான ‘நிரந்தர மக்கள் நீதிமன்றம்’ வேறு. அங்கே சம்மதம் ஏற்படாவிட்டாலும் அவர்களே தீர்ப்பளிக்கும் அதிகாரம் உண்டு. நோட்டீஸ் வந்தால் எந்த மக்கள் நீதிமன்றம் என்று பாருங்கள்.

உங்களுடையது உறவும் சுவரும் கலந்த விஷயம். சமரச மையத்துக்கு அனுப்பும்படி நீதிபதியைக் கேளுங்கள். இடத்தைப் போய்ப் பார்த்துக் குழாயின் ஆழம், வளைவு, திறப்பு எங்கே என்று குறித்துக்கொண்டு பேசினால் இரண்டு மூன்று அமர்வில் முடிய வாய்ப்புண்டு. வழக்கு இன்னும் போடவில்லையென்றால் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுங்கள், கட்டணம் இல்லை. 15100 என்ற எண்ணிலும் விவரம் கேட்கலாம்.

தீர்ப்பாகி, என் வீடு ஏலத்துக்கு வரும் நிலை. மொத்தம் 3 லட்சத்து 80 ஆயிரம். 3 லட்சம் கொடுத்தால் கணக்கு நேர் என்று வாதி ஒப்புக்கொண்டிருக்கிறார். அடுத்த வாரம் ரொக்கமாகக் கொடுக்கப் போகிறேன். ரசீது வாங்கினால் போதும்தானே?
– வாசகர், திருவண்ணாமலை

ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். தீர்ப்புக்குப் பிறகு நிறைவேற்று மனுவில் நடக்கும் சமரசத்துக்கு மேலே சொன்ன கட்டளை 23 பொருந்தாது. இங்கே கட்டளை 21, விதி 2. வெளியே கொடுத்த பணத்தையும் வெளியே செய்த ஏற்பாட்டையும் நீதிமன்றத்தில் பதிவு செய்தாக வேண்டும். பதிவாகாததை நிறைவேற்று நீதிமன்றம் கண்டுகொள்ளாது. ‘எனக்கு ஒன்றும் வரவில்லை’ என்று அவர் சொன்னால் ஏலம் நடக்கும்.

வங்கி வழியாகச் செலுத்துங்கள். அன்றே அவரிடமிருந்து ‘3 லட்சத்தை முழுத் தீர்வாக ஏற்றுக்கொண்டேன், மீதி 80 ஆயிரத்தை விட்டுக்கொடுத்தேன், ஜப்தியை நீக்க சம்மதம்’ என்று கடிதம் வாங்குங்கள். ‘முழுத் தீர்வாக’ என்ற சொல் இல்லாவிட்டால் 3 லட்சம் வந்தது உண்மை, இன்னும் 80 ஆயிரம் பாக்கி என்பார். அவரே நீதிமன்றத்தில் முழுத் தீர்வு மெமோ தாக்கல் செய்வது எளிது. இன்னும் நல்லது, அவர் வழக்கறிஞர் மெமோவோடு நீதிமன்றத்துக்கு வந்திருக்கும் நாளில் அங்கேயே பணத்தை மாற்றுவது. அவர் தாமதித்தால் நீங்களே பதிவு செய்யக் கோரி மனு போட வேண்டும். பணம் கொடுத்த நாளிலிருந்து உங்களுக்கு 30 நாள்தான் கெடு. நாளை அவரே செய்வார் என்று காத்திருந்து அந்த முப்பது நாளைத் தொலைத்தவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டுத் தனி வழக்குப் போட வேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறார்கள். பதிவானபின் ஜப்தி நீக்க உத்தரவின் நகலை சார்பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்து, வில்லங்கச் சான்று போட்டு நீங்கியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் கிடைத்த சமரசத் தீர்ப்பாணையைப் பதிவு செய்யப் போனால், நான்கு மாதம் தாண்டிவிட்டது என்று திருப்பிவிட்டார்கள். பதிவு கட்டாயமா?
– வாசகி, கடலூர்

முதலில் தபசிலைப் பாருங்கள். வழக்கில் இருந்த சொத்து மட்டும் சமரசத்தில் வந்திருந்தால், பதிவுச் சட்டம் 17(2)(vi) பிரிவின்படி பதிவு கட்டாயமில்லை. 2020-லும் 2024-லும் உச்ச நீதிமன்றம் இதையே சொல்லியிருக்கிறது. வழக்கில் இல்லாத வேறு சொத்தையும் சேர்த்துப் பேசி முடித்திருந்தால் (அப்படிச் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது) அந்தச் சொத்தைப் பொறுத்தவரை பதிவு கட்டாயம். ஊரில் இருக்கும் வீட்டையும் கூடவே சேர்த்து எழுதிவிடுவது வழக்கம். பிரச்சினை அங்கேதான் வரும்.

கட்டாயமில்லை என்றாலும் பதிவு செய்துவிடுவதே நல்லது. பதிவானால்தான் வில்லங்கச் சான்றில் ஏறும். ஏறினால்தான் பின்னால் வாங்குபவரும் வங்கியும் நம்புவார்கள். நான்கு மாதக் கெடுவைப் பொறுத்தவரை, நீதிமன்றத் தீர்ப்பாணையைக் காலம் கடந்ததாகச் சொல்லிப் பதிவு மறுக்கக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை உத்தரவிட்டிருக்கிறது. மறுத்ததை எழுத்தில் வாங்குங்கள், வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள். எழுத்தில் மறுப்பு இருந்தால் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு, அதுவும் பலிக்காவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு.

எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாவிடம் வரி ரசீது என்று சொல்லிக் கைரேகை வாங்கி, அவர் பங்கை விட்டுக்கொடுத்ததாகச் சமரசத் தீர்ப்பாணை வாங்கிவிட்டார்கள். அப்பீல் போடவா, புது வழக்குப் போடவா?
– வாசகர், சிவகங்கை

இந்தக் கேள்விக்குத் தவறான வழியில் போய்ப் பத்து வருடத்தை இழந்தவர்கள் உண்டு, அதனால் கவனமாகப் படியுங்கள். சம்மதத்தின்பேரில் வந்த தீர்ப்பாணை மீது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 96(3) பிரிவின்படி அப்பீல் கிடையாது. அந்தச் சமரசம் சட்டப்படியானதல்ல என்று சொல்லிப் புது வழக்குப் போடுவதையும் கட்டளை 23, விதி 3-ஏ தடுக்கிறது. தமிழ்நாட்டுக் குடும்பச் சொத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2021-ல் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. போக வேண்டிய இடம் அந்தத் தீர்ப்பாணையைத் தந்த அதே நீதிமன்றம். மோசடியால் வந்த சமரசம் செல்லாது, பதிவை ரத்து செய்ய வேண்டும் என்று அங்கேயே மனு போட வேண்டும். விசாரித்து முடிவு சொல்வது அந்த நீதிமன்றத்தின் கடமை. மக்கள் நீதிமன்றத்தில் வந்த உத்தரவாக இருந்தால் வழி வேறு: உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு மட்டுமே.

தெரியவந்த தேதியை எழுதி வையுங்கள், அதிலிருந்து ஒரு நாளைக்கூட வீணாக்காதீர்கள். வழக்குக் கட்டின் முழு நகல் வாங்கிப் பாருங்கள். பதிவான நாளில் அம்மா ஆஜரானதாக இருக்கிறதா, மனுவைப் படித்துக் காட்டியதாகச் சான்றொப்பம் இருக்கிறதா, வக்காலத்து கொடுத்தது அம்மாவா, அந்தத் தேதியில் அவர் எங்கே இருந்தார் என்பவைதான் மனுவின் உயிர். மருத்துவமனையில் இருந்தாரென்றால் டிஸ்சார்ஜ் சீட்டு போதும். கைரேகையே அவருடையதல்ல என்றால் நிபுணர் ஆய்வுக்கு அனுப்பக் கேளுங்கள். தீர்ப்பாணையை வைத்து எதிர்தரப்பு சொத்தை விற்றுவிடாமலிருக்க, மனுவோடு சேர்த்தே தடை உத்தரவும் கேளுங்கள்.

ஊர்ப் பாதைக்காக நான்கு பேர் ஊரார் சார்பில் வழக்குப் போட்டிருக்கிறோம். எதிராளி 10 அடி விடுகிறேன் என்கிறார். நாங்கள் நால்வர் கையெழுத்துப் போட்டால் முடிந்துவிடுமா?
– வாசகர், தர்மபுரி

முடியாது. ஊரார் சார்பில் போட்ட வழக்கு உங்கள் நால்வருடையது மட்டுமல்ல. கட்டளை 23, விதி 3-பி-ன்படி, நீதிமன்ற அனுமதி இல்லாமல் செய்த சமரசம் செல்லாது. அனுமதி தருமுன் சம்பந்தப்பட்ட மற்றவர்களுக்கும் அறிவிப்புக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடும். நாளிதழ் விளம்பரமோ ஊரில் தண்டோராவோ ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுவதோ, எதுவென்று உத்தரவில் இருக்கும். அறுவடை டிராக்டர் போக 10 அடி போதுமா என்று ஊர்க்கூட்டத்தில் அளந்து காட்டிவிட்டு, அதன்பின் அனுமதி மனு போடுங்கள்.